ஃபாதர் மந்திரித்த பெட்டி

திரையின் வலது கீழ் மூலையில் அந்த வரி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் அதே மங்கலான வரி.

"போவாதா மச்சான்?" என்று கேட்டார் மரிய அருள்.

"அது போவாம நான் சிதம்பரத்துக்கு பஸ் ஏற மாட்டேன் மாமா," என்றான் ஆன்டோ, அவர் மனைவி ஜெனிபரின் தம்பி.

மரிய அருளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான்?

மஞ்சக்குப்பத்தில் மனு அடித்துக் கொடுக்கும் கடை அவருடையது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து மங்கலம்பேட்டை வரைக்கும் சனம் வந்து குவியும். அவருடைய பழைய கம்ப்யூட்டரோ பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் கண் விழிக்காது. காத்திருந்து அலுத்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடை ராஜவேலிடம் போக ஆரம்பித்திருந்தார்கள். இந்தத் திங்களையும் கோட்டை விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

அதற்காகத்தான் புதுசு. உதிரி பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து வாங்கிவந்து, சனிக்கிழமை ஒரே மூச்சில் மாட்டி முடித்தான் ஆன்டோ. ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரே வீட்டுக்கு வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நீல விளக்கு வைத்த கறுப்புப் பெட்டி. அதன் தலையில் ஜெனிபர் மாதா படம் ஒட்டினாள். கம்ப்யூட்டரும் பறந்தது. அந்த ஒரு வரிதான் குறை.

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே," என்றாள் ஜெனிபர்.

"நியாயம் கேட்டு வர்றவங்களுக்கு மனு அடிக்கப் போற பொட்டி. இது லைசென்ஸ் இல்லாம ஓடலாமா?" என்றார் மரிய அருள்.

"என்னவோ பண்ணுங்க. பழசை ராஜவேல் அண்ணனுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். பாவம், அவர் வெச்சிருந்த ரெண்டுல ஒண்ணு மழைத்தண்ணியில போயிடுச்சி."

"தாராளமா குடு. அந்த ஆமையால நமக்கு என்ன ஆபத்து?"

அவள், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனாள்.

ஆன்டோ முதலில் பழைய பெட்டியில் ஒட்டியிருந்த லைசென்ஸ் நம்பரை அடித்தான். அது வேறு கம்ப்யூட்டருடையது என்று பதில் வந்தது.

"இப்ப ஓடுறது விண்டோஸ் பத்து. பதினொண்ணுக்கு ஏத்திடுவோம் மாமா. புதுசு வந்தா பழைய தகராறெல்லாம் மறந்துடும்."

ஏற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. திரை பளபளவென்று வந்தது. வரியும் கூடவே வந்தது. போதாக்குறைக்கு, வால்பேப்பராக வேளாங்கண்ணி கோயில் படத்தை வைக்கப் போனால், முதலில் ஆக்டிவேட் பண்ணு என்று அதையும் மறுத்துவிட்டது.

ஆன்டோ தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அந்த நிற்பைப் பார்த்தே மரிய அருளுக்குத் தெம்பு வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன். லைசென்ஸ் பழைய மதர்போர்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு மாமா. இங்க போர்டு வேற. ஆள் மாறிப்போச்சின்னு சந்தேகப்படுது."

"அப்ப?"

"பழைய போர்டைக் கழட்டி இதுல மாட்டிடுவோம்."

"பொட்டி இதேதான?"

"பொட்டி இதேதான்."

"அது போதும். ஃபாதர் மந்திரிச்சது இந்தப் பொட்டியை. நாளைக்கி இதுல அடிக்கலேன்னா அவர் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

பழைய போர்டு உட்கார்ந்தது. புது பிராசசர் அதில் உட்கார மாட்டேன் என்றது, பழையதையே போட்டான். புது ரேமும் பொருந்தவில்லை, அதற்கும் பழையதுதான். கடைசியில் பழைய ஹார்ட் டிஸ்க்கும் வந்து சேர்ந்தது. எதற்கும் ஆன்டோ சளைக்கவில்லை. திருகாணிகளை அவன் முடுக்குகிற அழகைப் பார்த்து, இவனை இன்ஜினீயரிங் படிக்க வைக்காமல் போனோமே என்று மரிய அருள் மனதார வருந்தினார்.

"கழட்டுன புது சாமானெல்லாம் எங்க மச்சான்?"

"மேசையில கெடந்தா தூசி ஏறும். காலியா கெடந்த பழைய பொட்டிக்குள்ளயே பூராத்தையும் முறையா மாட்டி மூடிட்டேன் மாமா. செவ்வாக்கெழம வந்து எடுத்துட்டுப் போயி வாங்குன கடையிலயே மாத்திக்கிறேன்."

என்ன ஒரு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டார் மரிய அருள்.

பட்டனைத் தட்டினான். நீல விளக்கு எரிந்தது. இருவரும் டீ குடித்து முடித்த பிறகு திரை வந்தது. மூலை துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. வரி இல்லை.

மரிய அருளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் மச்சான், கொஞ்சம் மெதுவா இருக்கே?"

"புது வூட்டுக்குக் குடி வந்திருக்குல்ல மாமா. பழகிக்கும்."

மரிய அருளுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மச்சானை பஸ்ஸில் உட்கார வைத்து, ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கடை திறந்தாயிற்று. மேசைமேல் மந்திரித்த பெட்டி, தலையில் மாதா, முகத்தில் நீல விளக்கு. வந்தவர்கள் பார்த்து அசந்துதான் போனார்கள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதரைக்கு முதல் மனுவின் பாதி வந்தபோது, பெஞ்சில் மிச்சமிருந்தது மங்கலம்பேட்டை விருத்தாம்பாள் மட்டும்தான். பட்டாவுக்காகப் பத்து வருஷமாக மனு கொடுக்கிறவர், கடை மாறாதவர்.

"புதுசும்மா. முறையா லைசென்ஸ் உள்ளது. கொஞ்சம் பழகணும், அவ்ளோதான்," என்றார் மரிய அருள்.

விருத்தாம்பாள் எதிர்க்கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடியிலிருந்த மஞ்சள் பையோடு எழுந்தார்.

"புதுசு வேணாம் சாமி. நேத்து சாயந்திரம் உங்க வூட்டம்மா அந்த ராஜவேல் தம்பிக்கு ஒரு பழைய பொட்டி குடுத்தாங்களாமே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மனு அடிச்சித் தள்ளுது. அந்த மாதிரி பழசு இன்னொண்ணு இருந்தா, அதுல அடிச்சிக் குடேன்."