குறைந்துகொண்டே போன கறுப்பு மை

இனிமேல் இந்த வீட்டுப் பிரிண்டருக்குள் ஒரு சொட்டு கலர் மைகூட இறங்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தேன். கூடத்தில் இருந்தது என் மனைவி மட்டும்தான். அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. எனக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்றால் உயிர். நான் உறுப்பினராக இருக்கும் புகைப்படச் சங்கம் வருஷத்துக்கு ஒரு கண்காட்சி நடத்துகிறது; வெளியாட்களும் படம் அனுப்பலாம். பதினோரு வருஷமாகப் படம் அனுப்புகிறேன். ஒன்றுகூடச் சுவரேறியதில்லை. தப்பு என் மேல் இல்லை, மை மேல்தான் என்று கண்டுபிடித்திருந்தேன். கறுப்பு வெள்ளையில் அடிக்கச் சொன்னால், எங்கள் பிரிண்டர் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து ஒரு சாம்பல் நிறம் தயாரிக்கும். அந்தச் சாம்பல் டியூப் லைட்டில் பச்சையாகத் தெரியும். ஜன்னலோரம் கொண்டுபோனால் ரோஜா நிறமாகிவிடும். சரி, கறுப்பு மையை மட்டும் வைத்து அடி என்றால், மனிதர்கள் கன்னத்தில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வரும்.

மைக்கடைக்காரர்தான் வழி சொன்னார். கலர் மை இருந்த மூன்று தொட்டிகளையும் கழுவிவிட்டு அடர்சாம்பல், நடுச்சாம்பல், வெளிர்சாம்பல் மூன்றையும் ஊற்ற வேண்டும். அதிலும் பழுப்புச் சாயல், நீலச் சாயல், ஒரு சாயலும் இல்லாதது என்று வகை உண்டாம். மாதிரித் தாள்களை மனைவியிடம் நீட்டினேன்.

“எது நல்லா இருக்கு?”

“பழுப்பு. அதுலதான் மூஞ்சி உயிரோட இருக்கு. நீலத்துல ஐஸ்பெட்டில வச்சு எடுத்த மாதிரி இருக்கு.”

உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விண்ணப்பங்களைச் சோதிக்கிறவன். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். கேட்டதும் பதில் வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பை ஏன் இவ்வளவு சட்டென்று சொன்னாள்? இரண்டு நாள் யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. பழுப்பையே வாங்கிவந்தேன்.

மையை ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள். அவள் மழலையர் பள்ளி டீச்சர். பிள்ளைகளுக்குக் கிளி, தக்காளி, வாழைப்பழம் எல்லாம் இந்தப் பிரிண்டரில்தான் அடித்துக்கொண்டு போவாள்.

“அப்போ என் கிளி?”

“கிளியும் வரும். சாம்பல் நிறத்துல வரும்.”

“அதுக்குப் பேரு காக்கா.”

“கலைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்.”

“விட்டாச்சு. கலர் இல்லாத மெஷினை இனிமே நான் எதுக்குத் தொடப்போறேன்?”

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எதையும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததில்லை. அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

பத்தே நாள். நான் அடித்தது நாலு படம். கறுப்புத் தொட்டியில் கால்வாசியைக் காணோம். ஏதாவது திருட்டுப் போனால் மை போட்டுப் பார்ப்பார்கள். மையே திருட்டுப் போனால் எதைப் போட்டுப் பார்ப்பது?

தொட்டிகளின் மேல் காகிதப் பட்டை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டேன். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பிரிண்டர் முன்னால் மண்டியிடுவேன். ஒரு கையில் டார்ச். ஒரு கையில் பூதக்கண்ணாடி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்ப்பேன். திங்கட்கிழமை நூலளவு இறங்கியிருந்தது. புதன்கிழமை விரலளவு. தாள்களை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

“மை குறையுது,” என்றேன்.

“வெயில் ஜாஸ்தி. ஆவியாப் போயிருக்கும்.”

“கறுப்பு மட்டும் நிறையப் போகுதே.”

“கறுப்புதான் சூட்டை இழுக்கும். எங்க ஸ்கூல்ல நாலு வயசுப் பிள்ளைங்களுக்கே தெரியும்.”

அப்போதுதான் அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நுனி கறுப்பாக இருந்தது.

“விரல்ல என்ன?”

“மை.”

அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன். “என்ன மை?”

“கண் மை. இருபது வருஷமா போடுறேன். இன்னிக்குத்தான் உங்க கண்ணுல பட்டிருக்கு.”

விசாரிக்கப் போனவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். அவளுக்கு மத்தியானத்தோடு பள்ளி முடிந்துவிடும். ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் பூனை மாதிரி ஏறினேன். வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். உள்ளறையிலிருந்து சர்ர்... சர்ர்... என்று கேட்டது. நாலடி வைப்பதற்குள் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“என்னங்க இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?” நெற்றியில் கை வைத்தாள். “கொதிக்குதே.”

மூன்று மாடி ஏறினால் கொதிக்கத்தான் செய்யும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் தெர்மாமீட்டரைச் செருகினாள்.

“மூணு நிமிஷம் பேசக் கூடாது. பேசினா கண்ணாடி உடைஞ்சிடும்.”

கட்டிலில் படுக்கவைத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டுப் போனாள். சர்ர் நின்றது. அலமாரி சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லை. ஆனா வேற ஏதோ இருக்கு. தூங்குங்க.”

“பிரிண்டர் ஓடுற சத்தம் கேட்டுச்சு.”

“மேல் வீட்டுல தையல் மெஷின்.”

எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டைமாடிதான் என்பது நினைவுக்கு வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மைக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் துடைத்த கல்லாவையே மறுபடி துடைத்தார்.

“சார், அதைப் பிரிண்டரே குடிச்சிடும். ஆன் பண்றப்பல்லாம் தன் வாயைத் தானே கொப்பளிச்சுக்கும். உங்க வீட்டுது ரொம்பச் சுத்தம் பாக்கிற ரகம்போல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மெஷின் வாய் கொப்பளித்ததற்கா கட்டின மனைவியை வேவு பார்த்தேன்? வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தாள் எண்ணியது, கோடு போட்டது, செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது வரைக்கும்.

“பரவாயில்லை விடுங்க,” என்றாள் பெரிய மனசோடு. “தப்பு யாருதான் பண்ணலை?”

கண்காட்சிக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது தொட்டிகள் அடிமட்டத்தில் இருந்தன. புது மை வர ஒரு வாரமாகும் என்றார் கடைக்காரர். மழையில் நனைந்து நிற்கும் ஒரு சைக்கிளை எடுத்திருந்தேன். இருக்கிற மையை வைத்துச் சிக்கனமாக அடித்து அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தது. பின்பக்கம் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: ‘நிழல்களில் கறுப்பு போதவில்லை.’

பன்னிரண்டாவது தடவை. கண்காட்சிக்கே போகப்போவதில்லை என்றேன். அவள் விடவில்லை.

“நாலு நல்ல படம் பாத்தா மனசு ஆறும். நானும் வரேன்.”

பதினோரு வருஷமாகக் கூப்பிட்டும் வராதவள். அன்றைக்குப் புதுச் செருப்பு வேறு. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இப்போதுதானே மன்னிப்புக் கேட்டோம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அரங்கில் நடுச்சுவரில் முதல் பரிசுப் படம் மாட்டியிருந்தது. ஒரு மனிதன் மண்டியிட்டிருக்கிறான். டார்ச் வெளிச்சம் தொட்டியில் பட்டு அவன் முகத்தில் ஏறுகிறது. ஒரு கண் மூடியிருக்கிறது, இன்னொரு கண் உலகத்தில் யாரையும் நம்பவில்லை. என் சைக்கிளில் போதாமல் போன கறுப்பெல்லாம் அவனுக்குப் பின்னால் கிணறு மாதிரி ஆழமாக நின்றது. பழுப்புச் சாயலில் மூஞ்சி அப்படியே உயிரோடு இருந்தது. என் மூஞ்சி. கீழே ‘சந்தேகம்’ என்ற தலைப்பும் என் மனைவியின் பெயரும்.

படத்துக்குப் பக்கத்தில் மைக்கடைக்காரர் நின்றிருந்தார்.

“அக்கா, நான் கொடுத்த தாள்ல எவ்வளவு நல்லா வந்திருக்கு பாத்தீங்களா?” என்றவர், பின்னால் என்னைப் பார்த்ததும் சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பதினோரு வருஷமாக நான் எடுக்க நினைத்த படம் அது.

“எப்போ எடுத்தே?”

“முதல்ல நீங்க தூங்குறது, சாப்பிடுறதுன்னு எடுத்து அடிச்சுப் பாத்தேன், எதுவும் சரியா வரலை. இது நீங்க மையைப் பாத்துக்கிட்டிருந்தப்போ. கதவுகிட்ட நின்னு போன்லதான் எடுத்தேன். பதினாலு நாள். ஒரு நாள்கூடத் திரும்பிப் பாக்கலை நீங்க.”

அதற்குள் சங்கச் செயலாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருஷத்தில் அவர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“பிரமாதம் சார். முகத்தை இப்படி வச்சுக்கிறது சுலபமில்லை. எவ்வளவு நேரம் போஸ் கொடுத்தீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

“போஸெல்லாம் இல்லைங்க, கல்யாணமான நாள்லேருந்து இவர் மூஞ்சி இப்படித்தான்.”