ரொக்கெட்டரின் நயவுரை

"நீ களுவாஞ்சிக்குடி பஸ்ஸையே பிடிக்கத் தெரியாம நிக்கிறாய். உனக்கெங்க புள்ள ரொக்கெட்?"

விஞ்ஞானக் கதை எழுதப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று, ஊரெல்லாம் ரொக்கெட்டர் என்று கூப்பிடும் மனிதர் கேட்டது இது.

உலகத்தில் எத்தனையோ விமர்சகர்கள் இருக்கலாம். கதாநாயகனுக்கு மூச்சு முட்டுமா என்று பார்க்க, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு புத்தகம் வாசிப்பவர் இவர் ஒருவர்தான். வாவிக்கரை முழுவதற்கும் விஞ்ஞானக் கதைக்கு இருக்கும் ஒரே விமர்சகரும் இவர்தான். அதனால் மாவட்டத்தில் முதலிடமும் கடைசியிடமும் அவருக்கே.

பகலில் ஓர் அலுவலகத்தில் லீவுக் கடிதங்கள் பார்க்கும் எழுதுவினைஞர். சொந்தமாக ஒரு நாவலும் எழுதுகிறார். அதில் விண்கலம் பல வருடங்களாகப் புறப்படவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அஞ்சு பேர் போகணும். ரெண்டு பேருக்கு இன்னும் லீவு பாஸாகல்ல. எப்படிக் கிளம்புற?"

இப்படிப்பட்டவரிடம் போய் என் முதல் புத்தகத்துக்கு நயவுரை கேட்டது என் கெட்டித்தனம். புத்தக வெளியீட்டில் நயவுரை என்றால் எங்கள் பக்கத்தில் புகழ்ச்சி என்றே அர்த்தம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகமும் போனவள். வெளியீட்டுக்குத் தேற்றாத்தீவிலிருந்து சொந்தக்காரர்கள் வான் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். வாவியில் மீன்பிடிக்கும் அப்பா இஸ்திரி போட்ட சேட்டோடு முன்வரிசையில். இவள் என்னதான் எழுதினாள் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியப்போகிறது. வெட்கப்பட்டுச் சிரிக்கக் கண்ணாடி முன் நின்று பழகிவைத்திருந்தேன்.

ரொக்கெட்டர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்தப் புள்ளையின்ட கதையில ஒருத்தி விண்கலத்துக் கதவைத் திறந்து, எரிகல் பிடிக்க வீச்சு வலை எறியிறா. வலை விரிஞ்சு தாழுதாம். அங்க கீழ எண்டு ஒரு பக்கமே இல்ல. வலை எங்க தாழும்?"

மண்டபம் சிரித்தது. நான் பழகிவந்த சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "படிச்ச புள்ளைக்கு இது தெரியாதாகா?" என்று மாமி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது மேடைவரை கேட்டது.

அப்பா எழும்பினார். சண்டைதான் என்று நினைத்தேன்.

"தாழாட்டி வீச்சு வலை சரிவராது ஐயா. இழுத்துப் பிடிக்கிற வலைதான் போடணும்."

"அதுக்கு ரெண்டு தோணி வேணுமே?"

"ரெண்டு ரொக்கெட்ட விடச் சொல்லுங்க."

ரொக்கெட்டர் விரல் மடக்கிப் பத்துப் பேரை எண்ணினார்.

"லீவு?" என்றார்.

அதன் பிறகு ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. ஈயக்குண்டு தேவையா, கயிறு எத்தனை பாகம் என்று ஆளுக்கொரு பக்கம். முதற்பிரதி வாங்க வந்த பெரியவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் ஏற்புரைக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆனால் என் ஆட்களில் ஒருவர்கூட, ஒரு பெண்ணுக்கு விண்வெளியில் என்ன வேலை என்று கேட்கவில்லை. அவளிடம் சரியான வலை இல்லையே என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

இரண்டாவது புத்தகத்துக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று. நயவுரை அவர்தான், மண்டபத்தைக் காலையிலிருந்து பின்னேரம்வரைக்கும் எடுத்திருக்கிறேன். கதையில் இரண்டு விண்கலங்கள் சேர்ந்து வலை இழுக்கின்றன. எல்லாருக்கும் லீவு கொடுத்துவிட்டேன்.