ஸ்டாக் வகுப்பின் தர்மகர்த்தா

"செயின் கவரக் கழட்டு, யூசுப் அண்ணாத்தே. ஸ்பிராக்கெட்ல பல்ல எண்ணு. பதினஞ்சு இருக்கணும், பதினாலுதான் கீது."

குனிந்திருப்பவர் பரிசோதகர் யூசுப். எண்ணச் சொல்பவர் கள்ளிக்குப்பம் கன்னியப்பன். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் எஞ்சினைப் பிரித்துப்போட்டு உழைக்கிற மாதங்களில் இவர் விதிப்புத்தகத்தைப் பிரித்து, எந்த வகுப்பில் ஆள் குறைவு, எதில் கெட்டிக்காரன் இல்லை, எந்த வரியைக் காட்டினால் எவன் வெளியே போவான் என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருப்பார். நானூறு மீட்டர் பைக் பந்தயத்துக்கு ஆறு வருடமாக வருகிறார். நான்கு வகுப்பு மாறிவிட்டார். கப் மட்டும் வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று மனைவி சாமுண்டீஸ்வரி சொல்லிவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டார்.

ஆகவே ஸ்டாக் வகுப்பு. நூற்றறுபது சிசி, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஏழு பேர். காலையிலேயே ஒருவரை சைலன்சருக்காகவும் இன்னொருவரை டயருக்காகவும் வெளியே அனுப்பியாயிற்று. மிச்சத்தில் இவரைவிட வேகம் ஆவடி கிஷோர்தான். இப்போது அவன் வண்டிக்குத்தான் சோதனை. ஒரு பல் குறைந்தால் வண்டி சட்டென்று கிளம்பும், ஆகவே குற்றம்.

"பதினாலு," என்றார் யூசுப்.

"ஒரு பல்லுக்கா, மாமே?" என்றான் கிஷோர்.

"ரூல்னா ரூலு நைனா. ஷோரூம்ல எப்டி நின்னுச்சோ அப்டிதான் ஓட்டணும்."

"உன் தொப்பையும் ஷோரூம்லயே குட்தாங்களா?"

யூசுப் கிஷோரின் பெயரை அடித்தார். பிறகு பட்டியலை எண்ணினார்.

"நாலு பேரு. அஞ்சுக்குக் கம்மின்னா வகுப்பே கெடையாது, கன்னியப்பா. பத்தாம் பக்கம் பாரு. எல்லாரும் அடுத்த வகுப்புல போய் ஓடுங்க."

பத்தாம் பக்கத்தில் பென்சில் படவே இல்லை.

அடுத்த வகுப்பில் எல்லாம் நானூறு சிசி. பச்சை விளக்கு எரிந்தது. கன்னியப்பன் பாதித் தூரம் வருவதற்குள் பக்கத்துத் தடத்துக்காரர் முடித்துவிட்டு, இவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.

சிரிக்காதீர்கள். அலுவலக கேரம் போட்டியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டுமென்று மனுக் கொடுத்தது யார்? குடியிருப்பு விளையாட்டு விழாவில், சாக்கு ஓட்டத்துக்கு முன்னால், எதிர்வீட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது?

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு நூம்பலிலிருந்து ஒருவர் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது. சாமுண்டீஸ்வரி சாவியைக் கொடுத்தார். கன்னியப்பன் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.