ரசமட்டம் அண்ணாச்சி விட்ட மஞ்சத்தண்ணி

தாமிரபரணி ஓடும் சரிவிலேயே இரண்டு குறை சொல்லக்கூடிய ஒரே மனிதர் ரசமட்டம் அண்ணாச்சிதான். ரோடும், ரோட்டோரச் சாக்கடையான வாறுகாலும் போடும் ஓவர்சியர். வீட்டில் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டம் என்கிற அந்தக் குமிழிக் கருவி, பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவர் சட்டைப்பையில் நிற்கும். அதுவே பெயராகிவிட்டது.

டீக்கடை பெஞ்சில் அதை வைத்துப் பார்க்காமல் உட்கார மாட்டார். தம்பிக்குப் பெண் பார்க்கத் திசையன்விளை போனவர், குடிக்கக் கொடுத்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு அதன் பின்னாலேயே நடந்தாராம்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. முத்தந்தான் சரியில்ல. தண்ணி அடுப்படிக்குல்லா போவுது!"

கல்யாணம் நடந்தது. முற்றத்தைத் திருத்திய பிறகு.

எங்கள் தெருவின் பள்ளத்தில் அம்மாவின் மாவு மில். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ரோடு ஏற ஏற மில் இறங்கியது. வண்டி ஏற்றுவதற்கென்று ஆளாளுக்கு வாறுகாலை அடைத்து சிமெண்ட் மேடு கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் தெருத்தண்ணீர் முழுக்க எங்களுக்கு விருந்தாளி. ஒரு மழைக்கு மோட்டார் புகைந்தது.

"இன்னொரு தடவ தண்ணி ஏறிச்சுன்னா மில்லப் பூட்டிர வேண்டியதான்" என்றாள் அம்மா.

அடுத்த ரோடு வந்தபோது அண்ணாச்சி அடம்பிடித்தார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், நடு உயரம், ஓரம் தாழ்வு, வாறுகால் வாய்க்கால்வரை ஒரே சரிவு. மேடெல்லாம் உடைய வேண்டும்.

"எம் மேட்டுல கை வச்சுப் பாரும் வே!" என்று குதித்தார் எங்கள் தெருப் பாத்திரக்கடைக்காரர். அவர் மேட்டில் லாரியே ஏறலாம். அவரிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். "எங்க வீட்டுக்குள்ளயுந்தான் தண்ணி வருது. மில்லுப் பள்ளத்துல இருந்துல்லா எதுத்து ஏறுது!"

மறுநாள் காலை அண்ணாச்சி தெருவின் மேல்முனையில் ஒரு டிரம் மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்தார். "எங்கன போவுதுன்னு கூடவே வாங்க" என்றார்.

"வழி விடுங்க, சாமி வருது!" என்று நான் முன்னால் ஓடினேன். பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். தண்ணீர் ஒவ்வொரு மேட்டிலும் முட்டி, ரோட்டில் ஏறி, பாத்திரக்கடைக்காரரின் மேட்டடியில் கொஞ்சம் யோசித்தது. பிறகு பைய அவர் கேட்டுக்குள் நுழைந்து, நடுவீட்டு ஊஞ்சலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"பள்ளத்துல இருந்து வருதுன்னீரு?" என்றார் அண்ணாச்சி. "மஞ்ச பூசிக்கிட்டு மேட்டுல இருந்துல்லா வந்திருக்கு!"

பாத்திரக்கடைக்காரர் உள்ளே போனார். கடப்பாரையோடு வந்தார். என்னைப் பார்த்து, "ஏலே, பல்லக் காட்டாத. அந்தப் பக்கம் நீ இடி" என்றார். மதியத்துக்குள் தெருவில் ஒரு மேடு மிச்சமில்லை.

அண்ணாச்சி சொன்ன சரிவிலேயே ரோடும் போட்டாயிற்று. அந்த ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தண்ணீர் ரோட்டின் இருபுறமும் இறங்கி, வாறுகாலில் விழுந்து, மில்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாய்க்காலுக்கு ஓடியது. அம்மா கொட்டும் மழையிலேயே மோட்டாரைப் போட்டாள். தெருவே வாசலுக்கு வந்து கைதட்டியது. பாத்திரக்கடைக்காரர் குடையும் கையுமாக, "மொதல்ல இடிச்சது நாந்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அண்ணாச்சிக்கு வள்ளியூரில் வேலை. இங்கே மழை என்று கேள்விப்பட்டால் உடனே போன் வரும்.

"ஏலே, தண்ணி எப்படிப் போவுது?"

போனை வாறுகாலுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். அந்தப் பக்கம் அவர் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவராக வைக்கும்வரை நானும் நனைந்துகொண்டு நிற்பேன்.