சான்று பெற்ற ஒன்றும் தெரியாதவர்

காலம் மாறிவிட்டது என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அலுவலர்கள் அனைவரும் நியூரல் நெட்வொர்க், அதாவது இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளும் கணினி வித்தை, கற்க வேண்டும். அதற்குத் தொடக்கநிலையாளருக்கு உகந்த புத்தகம் ஒன்றைத் தேர்ந்து பரிந்துரைக்க வேண்டும். இயக்குநர் அன்றே வல்லுநர் குழு அமைத்தார். அவர்கள் வல்லுநர்கள் என்பதற்கு அவர்கள் அந்தக் குழுவில் இருந்ததே சான்று.

குழுவுக்கு வந்த சிக்கல் நியாயமானது. வல்லுநருக்கு எல்லாப் புத்தகமும் எளிது. எது ஆரம்பிக்கிறவருக்கு எளிது என்று அவர் எப்படிச் சொல்வார்? ஆகவே, முறைப்படி ஒன்றும் தெரியாத ஒருவர் தேவைப்பட்டார். அகப்பட்டவர் தபால் பிரிவு எழுத்தர். கடிதமெல்லாம் கணினியில் போக ஆரம்பித்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். தூரத்துக் கிளைக்கு அவருடைய மாற்றல் ஆணை தயாராக இருந்தது. மனைவிக்கு இந்த ஊரில் பள்ளிக்கூட வேலை. மாற்றல் என்றால் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு அடுப்பு. அந்த ஆணையை நிறுத்திவைத்து, 'அன்னார் ஒன்றும் தெரியாதவர் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மனைவி அந்தத் தாளை விளக்கடியில் பிடித்துப் படித்தாள்.

"இதுக்கு முத்திரை வேறயா? கல்யாணமான நாள்லேர்ந்து நான் வாயால சொல்லிட்டிருக்கேனே!"

"கிண்டல் பண்ணாதே. எனக்குப் புரியாத வரைக்கும்தான் நாம ஒரே வீட்ல இருக்கலாம்."

"அப்படின்னா ஆயுசுக்கும் கவலையில்லை," என்றாள்.

வேலை சுகமாகவே போயிற்று. ஒரு புத்தகம் முதல் பக்கத்திலேயே சமன்பாடுகளை வாரி இறைத்தது. இன்னொன்று 'நாம் அனைவரும் நன்கறிந்தபடி' என்று ஆரம்பித்து, அவர் கேள்வியே படாததையெல்லாம் தாண்டிப் போயிற்று. எழுத்தர் மனநிறைவோடு 'புரியவில்லை' என்று எழுதினார். புரியவில்லை என்றால் புத்தகம் எளிதல்ல. புரிந்துவிட்டாலோ, அவர் தொடக்கநிலையாளரே அல்ல. அவர் சொல் செல்லாது. இந்த விதியில் குழுவுக்கு ரொம்பப் பெருமை. தேநீரும் பிஸ்கட்டுமாகக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன.

அப்புறம் ஒரு மெல்லிய புத்தகம் வந்து சேர்ந்தது. எழுதியவர் நல்ல மனசுக்காரர், அதுதான் வம்பு. இயந்திரம் முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்லும், தப்பாக இருக்கும். எவ்வளவு தப்பு என்று காட்டினால் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு மறுபடி சொல்லும் என்றது புத்தகம். எழுத்தர் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் புரிந்து தொலைத்தது. அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'தப்பை யாரும் காட்டாவிட்டால் அது முதல் நாள் இருந்தபடியேதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு விடையையும் முழு நம்பிக்கையோடு சொல்லும்.'

அந்த நேரம் பார்த்து, குழு கூடியிருந்த அந்த அறைக்குள் இயக்குநர் வந்தார். நின்றுபோன கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி பத்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்றார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை.

"கரெக்ட் சார்," என்றார்கள் வல்லுநர்கள்.

எழுத்தருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னய்யா சிரிப்பு? புரிஞ்சிடுச்சா?"

"ஐயோ, இல்லை சார். புரியாமத்தான் சிரிச்சேன்."

"அதெப்படி? குடுங்க இப்படி."

இயக்குநர் அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். அறையே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் "ஹா ஹா!" என்றார். உடனே வல்லுநர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இயக்குநர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "எல்லாரும் சிரிச்சாச்சு, அப்ப எல்லாருக்கும் புரிஞ்சாச்சு. நம்ம ஆபீஸ்ல தொடக்கநிலையாளர்னு யாருமே இல்லை. புத்தகம் எதுக்கு? தலைமையகத்துக்கு எழுதிடுங்க." குழு கடமையை முடித்துக் கலைந்தது. மெல்லிய புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

மாற்றல் ஆணை மாலைக்குள் கைக்கு வந்தது. 'அன்னார் முழுத் தேர்ச்சி பெற்றுவிட்டமையால்' என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

மனைவி பெட்டியில் அவருடைய சட்டைகளை அடுக்கினாள். இந்தத் தடவை அவள் கிண்டல் பண்ணவில்லை.

"உங்க டைரக்டருக்கும் புரியலை, மத்தவங்களுக்கும் புரியலைன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சுட்டேன்."