ஏழு கூட்டங்களும் ஒரு கடைவாய்ப் பல்லும்

ஒரு தேசத்தின் நாகரிகத்தை அணைக்கட்டுகளாலும் பாலங்களாலும் அளந்த காலம் மலையேறிவிட்டது. இனி கூட்டங்களால்தான் அளக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி, சிறுசேரியில் எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியை மிஞ்சிய நாகரிகம் பூமியில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். நான் அங்கே ‘லைஃப்சைக்கிள் ஆர்க்கிடெக்ட்’. பெயர் ஐசக். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

எங்கள் சாதனையைச் சொல்கிறேன். படப்பையில் ஒரு பல் மருத்துவமனை. அடுத்து யார் உள்ளே போகவேண்டும் என்று டோக்கன் எண்ணைக் காட்ட, சுவரில் ஒரு டிவி கேட்டார்கள். எண் சர்வரில் இருக்கும். திரையில் தெரியும் பெட்டி அதைக் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும். பெட்டிக்கு ‘காம்பொனென்ட்’ என்று பெயர். அது உருவாகும், திரையில் ஏறும், ஒரு சமயம் இறங்கும்; இதுதான் அதன் ‘லைஃப்சைக்கிள்’. அப்படியானால் சர்வரிடம் எப்போது கேட்பது? திரையில் ஏறுவதற்கு முன்பா, ஏறிய பிறகா? சாதாரண மக்கள் இதை யோசிக்காமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். நாங்கள் ஏழு கூட்டம் போட்டோம்.

மேலாளர் தோத்தாத்ரி ‘முன்பு’ கட்சி. "நம்பர் வர்ற வரைக்கும் திரை காலியா இருக்கட்டுமே. ஜனங்க அமைதியா ஒக்காருவாங்க" என்றார்.

நான் ‘பிறகு’ கட்சி. "மொதல்ல பெட்டி வரணும் சார். உள்ள சின்னதா ஒரு வட்டம் சுத்தணும். அது சுத்துறதைப் பாத்தா ஏதோ வேலை நடக்குதுன்னு ஒரு நம்பிக்கை வரும்."

ஐந்தாவது கூட்டத்தில் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் காட்டினேன். அவர் கட்சி மாறினார். அதற்குள் சமோசா ஆறிப்போயிருந்தது.

ஏழாவது கூட்டம் முடியும் நேரத்தில் ஜெரூஷா கையைத் தூக்கினாள். அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதுகிறவள் அவள்தான். ஆகவே கூட்டங்களில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"சார், டிவியைக் காலைல ஒரு தடவைதான் போடுவாங்க. பெட்டி திரையில ஏறுனதும் ஒரு தடவை கேக்கும். அப்புறம் டோக்கன் மாறிக்கிட்டே இருக்குமே, திரும்ப யாரு கேக்குறது?"

"அஜெண்டா ‘எப்போது’ம்மா. ‘எத்தனை தடவை’ இல்ல" என்றார் தோத்தாத்ரி.

"நாள் பூரா ஒரே நம்பர்தான் நிக்கும் சார்."

இங்கேதான் நான் இயற்றிய தர விதி கைகொடுத்தது. ஒரே ஒருவர் சொல்லும் குறை, குறையே அல்ல. அது ‘யூசர் தவறு’. அதற்கென்று கணினியில் சிவப்பாக ஒரு முத்திரை உண்டு, குத்தும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். ஜெரூஷா சொன்னதன் மேல் அதைக் குத்திவிட்டு, எல்லோரும் கைதட்டி எழுந்தோம்.

ஆறு மாதம் கழித்து என் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. இரண்டு நாளாகச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே பல் டாக்டர் இருக்கிறார். ஆனால் என் படைப்பு படப்பையில் அல்லவா தொங்குகிறது? வண்டியை அங்கே விட்டேன். டாக்டர் கிறிஸ்டினா ஒரு மணிக்குக் கிளம்பினால் நான்கு நாள் கழித்துத்தான் வருவார் என்று எழுதிப் போட்டிருந்தது. எனக்கு டோக்கன் பத்தொன்பது.

டிவியில் பெரிதாக, அழகாக, 3.

"பதினாலு" என்று கூப்பிட்டார் வரவேற்பு மேஜையிலிருந்த ரத்தினபாய். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், "மேடம், இப்ப மூணுதான் ஓடுது. நீங்க வரிசை மாத்திக் கூப்பிடறீங்க" என்றேன்.

"ஒக்காருங்க சார். உங்க நம்பர் வந்தா நானே கூப்பிடுறேன்."

ஜெரூஷா சொன்னது அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் ஏழு கூட்டத்தின் தீர்மானம் பெரிதா, ஒரு பெண்ணின் தொண்டை பெரிதா? கையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் லோடு வண்டி ஓட்டும் சேட்டு. "இன்னா சார், அத்தையே மொறச்சிகினு கீற?"

"என் நம்பர் பத்தொம்பது. இப்ப மூணுதானே?"

"அத்த யாரும் பாக்க மாட்டாங்க சார். காலைல அந்தக்கா டிவிய போட்டப்போ மூணு. பூட்டிகினு போறப்பவும் மூணுதான். நீ காத தொறந்து வச்சிகினு ஒக்காரு."

"அதுல பெரிய டெக்னாலஜி இருக்குப்பா. உனக்குப் புரியாது."

"பத்தொம்பது" என்றார் ரத்தினபாய். மூன்று தடவை. சேட்டு என் விலாவில் இடித்தார். நான் அசையவில்லை. திரையில் வராத எண்ணுக்கு எழுந்து போவது என் கொள்கைக்கு விரோதம். "இருபது" என்றதும் சேட்டு உள்ளே போனார். வாயில் பஞ்சோடு வெளியே வந்து, என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு டாக்டர் காரில் ஏறிவிட்டார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு ஓடினேன்.

"மூணு தடவை கூப்பிட்டேனே சார்" என்றார் ரத்தினபாய்.

"திரையில வரலையே மேடம்."

"அது காலைல ஒரு தடவை எங்க கம்ப்யூட்டர்கிட்ட நம்பர் கேக்கும். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காது. யாரோ சிறுசேரிலேர்ந்து வந்து மாட்டிட்டுப் போனாங்க. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

மறுநாள் அலுவலகத்தில் முறைப்படி புகார் கொடுத்தேன். ஜெரூஷா சிரிக்கவில்லை. "வலி எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள். சாப்பாட்டு வேளையில் வந்து மறுபடியும் கேட்டாள்.

தோத்தாத்ரி புகாரைப் படித்தார். "எத்தனை பேர் பாதிக்கப்பட்டாங்க?"

படப்பை முழுவதையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். "ஒருத்தர் சார்."

"ஒருத்தர்தானா? அப்போ உங்க விதிதான் ஐசக்."

விதி என்றால் விதி. என் புகாரை நானே கணினியில் திறந்து, நானே குத்தினேன்: ‘யூசர் தவறு’. என் எட்டு வருட சேவையில் அந்த முத்திரை சரியான ஆள் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை.