வெள்ளாடு யார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள்: பெரியவர், அவருடைய அக்கா, தம்பி, தம்பியின் மருமகள். இஸ்திரிக்காரரும் இருந்தார் என்று சொல்வது பொய். அவர் துணியைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விட்டார். குடும்ப விஷயம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சிக்கல் ஒரு படக்கதையால் வந்தது. வார இதழில் மருமகள்தான் வரைந்துகொண்டிருந்தாள். செம்மறி மந்தை ஒன்றில் ஒரு வெள்ளாடு குட்டியிலிருந்தே கம்பளி போர்த்திக்கொண்டு வாழ்கிறது. அது எது என்று கதை சொல்லாது. ரோமம் கத்தரிக்கும் நாளில் தெரிந்துவிடும். அதற்குள் வாசகர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வாரமே தம்பி படத்தில் ஓர் ஆட்டின் மேல் விரலை வைத்துவிட்டார்.

"இதுல என்ன சந்தேகம்? எல்லாம் குனிஞ்சு மேயுது, இது மட்டும் கழுத்தை விறைச்சுக்கிட்டு நிக்குது. மத்தது வரிசை தப்பினா முட்ட வேற வருது. நிஜச் செம்மறிக்கு இவ்வளவு ஜம்பம் எதுக்கு?"

பெரியவர் தம்ளரைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அப்படிக் கழுத்தை நிமிர்த்தி நிற்பவர் அவர் ஒருவர்தான். எந்தச் சம்பந்தம் வந்தாலும் பாட்டன் யார், அவனுக்குப் பாட்டன் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதும் அவர்தான்.

சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தவர், அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டார். "எடுத்து வளர்த்ததுதான். அதுக்குத் தெரியக் கூடாது." நிமிர்ந்து பார்த்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்துதான் பெரியவர் முதுகை வளைப்பதில்லை.

தம்பி ஆட்டைக் காட்டிய மறுநாள் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார். பார்க்கத் திமிராக இருக்கிறது, அந்த ஆட்டின் கழுத்தைக் கொஞ்சம் வளைத்துவிடு என்றார். அவள் வளைத்தாள்.

"பாத்தீங்களா அண்ணா, மாட்டிக்குவோம்னு பயந்து குனியுது" என்றார் தம்பி.

அந்த ஆடே வேண்டாம், எடுத்துவிடு என்றார் பெரியவர். அடுத்த இதழில் அதைக் காணோம்.

"ஓடிப்போச்சு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காம இருக்குமா?"

அக்கா மட்டும் எந்த ஆட்டையும் காட்டவில்லை. வழக்கம்போல வாசலை ஒட்டி முக்காலியில் உட்கார்ந்து, எதையாவது தைத்துக்கொண்டிருப்பாள். எத்தனை சொல்லியும் அவள் சோபாவில் உட்கார்ந்ததில்லை. மூட்டுவலி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அடுத்த இதழில் வாசகர்களுக்கு ஒரு துப்பு வந்தது: வெள்ளாட்டுக்குத் தாடி உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரியவர் பல வருஷமாக வைத்திருந்த தாடியை மழித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

தம்பி இதழைப் பார்த்தார். அண்ணனின் மோவாயைப் பார்த்தார். மறுபடி இதழைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்து நின்றார்.

"நான்தான் அது. அடுத்த வாரம் ஊரே கத்தரிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் இந்த வீட்டு ரத்தம் இல்ல. எடுத்து வளர்த்ததுன்னு அம்மா சொன்னதை என் காதால கேட்டேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டாங்க. கல்யாணம் வேணாம்னதும் அதுக்குத்தான். பேர் இவங்களோடது, ரத்தம் எவனோடதோ. அதை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு நினைச்சேன்."

வேண்டுமானால் பெட்டியைக் கட்டுகிறேன் என்றும் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, இதழின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பெரிய மாமா, சத்தியமா எனக்கு இதெல்லாம் தெரியாது. கதையே என்னோடது இல்ல. பெரிய அத்தை சொன்னது. கத்தரிக்கிற நாள்ல அந்த வெள்ளாடு என்ன ஆகும்னு தினம் கேக்கறேன், சொல்லவே மாட்டேங்கறாங்க."

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அக்கா பெரியவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து மடியில் வைத்தாள்.

"நீ அம்மா பெத்த பிள்ளைதான்டா" என்றாள் பெரியவரிடம். "அன்னைக்கு அவங்க பேச்சை நிறுத்தினது உன்னைப் பார்த்து இல்ல. உனக்குப் பின்னாடி நான் வந்துட்டிருந்தேன்."